தண்ணீர் வரும் நேரம்

எந்தக் கையில் கோப்பை இருந்தது,
எத்தனையாவது பொத்தான் திறந்திருந்தது,
அழுகைக்கு முன்பா பின்பா நாற்காலி நகர்ந்தது,
இவற்றை எழுதிவைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

ஜார்ஜியாவில், ச்சியாத்துராவில், மலையிடுக்கில்
மாங்கனீசுத் தூசி படிந்த குடியிருப்பின் நான்காம் மாடி.
வாடகைக்கு எடுத்த சமையலறை.
சூரியன் அங்கே நாலு இருபது வரைதான்.
அதற்குமேல் எதிர்மலை எடுத்துக்கொள்ளும்.

பத்ரியின் கையில் அட்டவணை.
இன்றைக்கு ஒன்பது ஷாட், முடிந்தவை நான்கு.
தேநீருக்கு ஏழு நிமிடம்.
குராண்டா அழுவதற்கு இருபத்தைந்து.

தரையில் மஞ்சள் டேப்பில் ஒரு குறி.
கதவிலிருந்து ஆறு எட்டு.
ஓட்டியா நாடா பிடித்து அளந்திருக்கிறான்,
லென்ஸிலிருந்து அவள் மூக்கு நுனிவரை.
அங்கே நின்று, ஜன்னலைப் பார்த்து,
மகனைப் பற்றி
"வரமாட்டான்" என்று சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான் ஷாட் நாற்பத்தேழு.

மூன்றாவது டேக்.
ஐந்தாவது எட்டில்
குழாய் இருமியது.

காலையில் யாரோ திறந்து பார்த்து
வராததால் அப்படியே விட்டுப்போன குழாய்.
முதலில் காற்று, பிறகு துரு, பிறகு தண்ணீர்.
அந்த ஊரில் தண்ணீருக்கும் அட்டவணை உண்டு,
யாரும் அதை நம்புவதில்லை.

குராண்டா குறியைத் தாண்டினாள்.
வசனத்தைத் தாண்டினாள்.
குண்டானை வைத்தாள், கெட்டிலை வைத்தாள்,
ஊறுகாய் ஜாடியை அலசி வைத்தாள்,
பூச்சாடியின் பிளாஸ்டிக் பூவைப் பிடுங்கிப்
பல்லில் கடித்துக்கொண்டு அதையும் வைத்தாள்.
மகன் வருவதும் வராததும் அப்புறம்.
தொண்ணூறுகளில் திபிலீசித் தெருக்களில்
வாளியோடு நின்றவள்.
கைக்கு அது ஞாபகம் இருந்தது.

ட்ராலியின் தண்டவாளம் அந்தப் பக்கம் போகாது.
ஓட்டியா அளந்த அளவெல்லாம் வீண்.
குத்துமதிப்பாக வளையத்தைத் திருப்பினான்.
மூச்சே விடவில்லை என்றான் பிறகு.
இயக்குநர் ம்ஸெவினார்
"கட்" சொல்லத் திறந்த வாயை மூட மறந்திருந்தாள்.
நான் எழுதினேன்:
குண்டான், இடக்கை. ஜாடி, மூடி இல்லை. பூ, வாயில்.
பத்ரி கடிகாரத்தைப் பார்த்தான்.

தண்ணீர் நின்றபோது
வெயிலும் போயிருந்தது.
இரண்டு ஷாட்களை அவனே சிவப்பில் அடித்தான்,
அளவுகோல் வைத்ததுபோல் நேரான கோடு.

அவனைக் கெட்டவனாக நினைத்துவிடாதீர்கள்.
மலைநிழலுக்குக் கணக்குப் போட்டு
எங்களை அந்த நேரத்தில் அங்கே நிறுத்தியவன் அவன்.
மஞ்சள் டேப் ஒட்டியிருக்காவிட்டால்
அவள் எதைத் தாண்டியிருப்பாள்?

மறுநாள் தாளில் பார்த்தேன்,
சாப்பாட்டுக்கும் ஒப்பனைக்கும் கீழே:
"3.40. தண்ணீர் வரும்."
குடிநீர் வாரியத்துக்குப் போன் போட்டிருக்கிறான்!

மூன்று நாற்பது. குழாய் திறந்திருக்கிறது.
பாத்திரங்கள் தயார்.
நேற்றைய பூ, துடைக்கப்பட்டு, அதே சாடியில்.
நாலு மணி.
நாலு பத்து.
ஒரு சொட்டு இல்லை.
மலை வெயிலை எடுத்துக்கொண்டது.

சரி, அறையின் ஒலியையாவது எடுப்போம் என்றான் பத்ரி.
அதற்கும் தாளில் இடம் உண்டு:
"மௌனம், முப்பது நொடி."
கேமராவை அணைத்தார்கள்.
நின்ற இடத்தில் நின்றோம்.
ஜும்பெர் ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு
விரலைத் தூக்கினான்.
பத்து. பதினைந்து.
கீழே எங்கோ ரோப் கார் கிறீச்சிட்டது.
பத்தொன்பதாவது நொடியில்
குராண்டா குழாயைப் பார்த்து,
கடன் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல்,
நேற்று விட்ட வசனத்தைச் சொன்னாள்.

எங்கள் மொழி உயர்திணை அஃறிணை பார்ப்பதில்லை.
மகன் வராததற்கும் தண்ணீர் வராததற்கும்
வினை ஒன்றுதான்.

ஜும்பெர் விரலை இறக்கவில்லை.
பத்ரி கடிகாரத்தை
மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக்கொண்டான்.
ம்ஸெவினார் என் நோட்டை எட்டிப் பார்த்தாள்.
நான் எழுதியிருந்தேன்:

படம் இல்லை. ஒலி மட்டும்.
மௌனம் கெட்டுப்போனது,
இன்னொரு டேக் தேவை.